வானவில் ஊர்வலமும் அம்மாவின் கல்லுப்பும்

ஒரு குடும்பத்தில் ஒரே ஒருவர் மட்டும் படித்திருந்தால் குடும்பத்துக்கு நல்லது. அந்த ஒருவருக்குத்தான் ஆபத்து. மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கேட்பார்கள். அதற்குச் சரியான பதில் சொல்லிவிட்ட தைரியத்தில், உலகத்தில் எது நியாயம் எது அநியாயம் என்பதுவரை எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். (யாரும் கேட்காதபோதே தொடங்கினாய் என்று அக்கா இந்த இடத்தில் திருத்துகிறாள்.)

என் பெயர் மேரி, பி.காம். எங்கள் வம்சத்தில் படிப்பை முடித்து வெளியே வந்த முதல் ஆள். இதைச் சொல்லும்போது என் தலை தானாக நிமிரும். அதை அடக்க நான் முயன்றதில்லை. அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. அம்மா லூர்துமேரி மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமக்கிறவள். அவள் தலையில் சுமந்த உப்புதான் என் காலேஜ் ஃபீஸாக மாறியது. இப்போது நான் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் கணக்கு எழுதுகிறேன். ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதை அம்மா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு ஓர் அக்கா. பெயர் ஸ்டெல்லா. திருநங்கை. பிறந்தபோது ஆண் பிள்ளை என்று நினைத்துக் கோயிலில் வேறு பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக் கேலி தாங்காமல் பாதியில் நின்றாள். பிறகு பாண்டிக்குப் போய்த் தையல் கற்றுக்கொண்டாள். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது கூடவே முருகையன் மாமாவும் வந்தார். மாமா உப்பு மூட்டை ஏற்றும் குட்டியானை ஓட்டுகிறவர். (சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கம் இதுதான் பெயர். மாமாவின் உருவத்துக்கும் பொருந்தும்.)

அவர்கள் கல்யாணம் பதிவு ஆபீசில் முறைப்படி பதிவானது. ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் என்றால் சட்டத்தில் அதற்கு வழி இருந்தது. அக்காவின் சிநேகிதிகள் ஷீலாவும் அமுதாவும் பல வருஷமாக ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறவர்கள். அவர்கள் இரண்டு பேரும் பெண்கள் என்பதால் அந்த வழி அவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை.

அம்மா அன்றைக்குப் பதிவு ஆபீசுக்கு வந்தாள். லட்டு வாங்கிக் கொடுத்தாள். அக்கா வீட்டுக்குப் போவாள், சாப்பிடுவாள், உப்புப் போதாது என்று குறை சொல்வாள். எல்லாம் நாலு சுவருக்குள். வெளியே காலை வைத்தால் வேறு கதை. கடைத்தெருவில் அக்காவோடு போக நேர்ந்தால் அம்மா எட்டி நடை போட்டு நாலு கடை தாண்டிப் போய்விடுவாள். “யாரு அது கூட வந்தது?” என்று யாராவது கேட்டால், “தெரிஞ்சவங்க” என்பாள்.

காரணம் நான்தான். “சின்னவளுக்கு வரன் பாக்கணும். நாலு பேர் கண்ணுல பட்டு, நாளைக்கு எவனாவது ஒரு வார்த்தை சொல்லிட்டா?” என்பாள் அம்மா. ஆக, இன்னும் முகம் தெரியாத ஒரு மாப்பிள்ளைக்காக என் சொந்த அக்கா தெருவில் தெரிஞ்சவங்க ஆகிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் நான் ஒரு கருத்தைக் கடன் வாங்கினேன்.

எங்கள் கெஸ்ட் ஹவுஸில் ஐரோப்பாவிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் ஒரு பெரியவர் உண்டு. அவரும் ஆண், அவர் வீட்டுக்காரரும் ஆண். அவர்கள் நாட்டில் அப்படிக் கல்யாணம் செய்துகொள்ளும் சட்டம் எப்போதோ வந்துவிட்டது. ஒருநாள் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: “இளவயதில் நாங்கள் எங்கள் உரிமைக்காக வானவில் கொடியோடு ஊர்வலம் போனோம். இப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இனிமேல் எதற்கு ஊர்வலம்? இப்போதெல்லாம் அதில் நடப்பவர்களைவிடக் கம்பெனி விளம்பரங்கள்தான் அதிகம்.”

ஆங்கிலத்தில் கேட்டபோது இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. தமிழில் யோசித்துப் பார்த்தபோது என் சொந்தக் கருத்துப் போலவே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மீன் வறுபட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதை இறக்கினேன்.

“கல்யாண உரிமை கிடைச்ச பிறகும் ஊர்வலத்துக்கு அர்த்தம் இருக்குதா? இது யோசிக்க வேண்டிய கேள்வி.”

அக்கா தோசைத் திருப்பியால் மீனைப் புரட்டினாள். “யாருக்குக் கிடைச்ச பிறகு?”

“உனக்குத்தான்.”

“எனக்குக் கிடைச்சிது. ஷீலாவுக்கு?”

“அதுவும் வரும்க்கா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்.”

“வர்ற வரைக்கும் அவங்க வாசலப் பாத்துனு உக்காந்துனு இருக்கணுமா?”

மாமா நடுவில் புகுந்தார். “மேரி சொல்றதுலயும் ஒரு நாயம் இருக்குது.” அக்கா திரும்பிப் பார்த்தாள். “ஸ்டெல்லா சொல்றதுலதான் நாயமே இருக்குது” என்று மாமா முடித்துக்கொண்டு தட்டைக் கழுவப் போனார். அது சாப்பிடாத தட்டு.

அக்கா அடுப்பை அணைத்தாள். “சரி, எனக்கு எல்லாமே கிடைச்சிடுச்சின்னே வெச்சிக்க. கல்யாணப் பேப்பரு பீரோல இருக்குது. அத எடுத்துனு நான் மீன் மார்க்கெட்டுக்குப் போவ முடியுமா? அத பாத்துட்டு அம்மா என் பக்கத்துல நடந்து வர்றாங்களா? நீயே சொல்லுடி. ரோட்டுல நடக்கணும்னா ரோட்டுல நடந்துதான் ஆவணும்.”

(அந்தப் பெரியவர் இதற்கெல்லாம் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.)

“அடுத்த ஞாயித்துக்கெழம பாண்டில ஊர்வலம். மாமா வண்டியத்தான் ஜோடிச்சி உடறோம். நான் மேல நிக்கப் போறேன். அம்மா ஒரே ஒரு தடவ என்கூட அந்த ரோட்டுல நடந்தா எனக்குப் போதும். நீ படிச்சவளாச்சே. கூட்டினு வா பாப்போம். வந்தா, முடிவுல வீட்டாளுங்க சார்பா பேசறதுக்கு உன் பேர குடுக்கறேன்.”

படித்தவள் என்று சொல்லிவிட்டாள், மைக்கும் தருகிறேன் என்றாள். ஒரு வினாடி முன்புவரை ஊர்வலமே தேவையில்லை என்றவள், அந்த நிமிஷமே அதன் தீவிர ஆதரவாளர் ஆனேன்.

மறுநாள் காலையிலேயே உப்பளத்துக்குப் போனேன். அம்மாவும் அவள் கூட்டாளிகளும் வேலை முடித்து, கொட்டகை நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வாய் பிலோமினா சித்தி. மற்றவர்கள் பேச நினைப்பதையும் அவளே பேசிவிடுவாள். நான் போனில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்து ஆரம்பித்தேன்.

“அம்மா, பாண்டில ஒரு ஊர்வலம் நடக்குது. ஒவ்வொருத்தரும் தன்னோட அடையாளத்தைப் பத்தி வெக்கப்படாம, சுயமரியாதையோட...”

“கட்சி ஊர்வலமா? பிரியாணி குடுப்பாங்களா?” என்றாள் பிலோமினா சித்தி.

“கட்சி இல்ல சித்தி.”

“அப்பறம் எதுக்கு வெயில்ல நடக்கறாங்க?”

போனில் இருந்தது அதோடு தீர்ந்துவிட்டது. அவர்களே விசாரணையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

“கொடி இருக்குமா?”

“இருக்கும்.”

“மேளம்?”

“இருக்கும்.”

“ஜோடிச்ச வண்டி வருமா?”

“மாமா வண்டிதான்.”

“மேல யாரு?”

“அக்கா.”

அம்மா டீ கிளாசைக் கீழே வைத்தாள். “தேர் பவனி மாதிரின்னு சொல்லு.”

எனக்கு வேலை சுலபமாக முடிந்த சந்தோஷம். “ஆமாம்மா, அப்படியே அதேதான்” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன சுருக்கமான விளக்கம் அதுதான். அதன் பலன்தான் நீளம்.

அம்மா யோசித்தாள். “வர்றேன். ஆனா ஓரமா நின்னுனு பாப்பேன். கூட நடக்க மாட்டேன். யாராவது தெரிஞ்சவங்க பாத்துட்டாங்கன்னா நாளைக்கு உனக்குத்தான் கஷ்டம்.”

“பாண்டில உன்ன யாருக்கும்மா தெரியும்?”

“லூர்து தனியா போவ வேணாம், நாங்களும் வர்றோம்” என்றாள் பிலோமினா சித்தி. எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை.

பாதி வேலை முடிந்தது, ஓரமாக நிற்க வைத்துவிட்டால் மீதியை நேரில் பேசிச் சரிக்கட்டலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த வாரம் முழுக்கப் பேச்சு எழுதினேன். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். எந்த இடத்தில் கைதட்டுவார்கள், அங்கே நான் எப்படி அடக்கமாகத் தலை குனிய வேண்டும் என்பதுவரை ஒத்திகை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பஸ் பிடித்தோம். கூட்டாளிகள் எல்லோரும் திருவிழாப் புடவையில் வந்திருந்தார்கள். தலையில் பூ. ஆளுக்கொரு கட்டைப்பை. கட்டுச்சோறாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. நான் புது வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு பேச்சுக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன்.

பாண்டியில் கடலை ஒட்டிய ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் அவர்களை வரிசையாக நிறுத்தினேன். டூரிஸ்ட் கைடு போல முன்னால் நின்று விளக்கினேன். “வண்டி வரும்போது நல்லா கைதட்டணும். மரியாதையா நடந்துக்கணும்.”

“அதெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தரணுமா? எத்தினி தேரு பாத்திருக்கறோம்” என்றாள் பிலோமினா சித்தி.

முதலில் பறைச் சத்தம் கேட்டது. பிறகு ஏழு வண்ணத்தில் ஒரு நீளமான துணி, அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், பின்னால் ஆட்டம், பாட்டம். முதுகில் பட்டாம்பூச்சி இறக்கை கட்டிய ஓர் இளைஞன். ஷீலாவும் அமுதாவும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மாமாவின் குட்டியானை ஊர்ந்து வந்தது. அடையாளமே தெரியவில்லை. எந்நேரமும் உப்பும் துருவுமாக இருக்கும் வண்டி முழுக்கக் காகிதப் பூ, அக்கா கையால் தைத்த வானவில் துணி. மேலே பட்டுப் புடவையில், கையில் கொடியோடு அக்கா நின்றிருந்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த மாமாவின் முகத்தில் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு வியர்வை இல்லை.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புடவைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். கோயிலில் செய்வது இங்கே எதற்கு என்று நான் யோசிக்கும்போதே கட்டைப்பைகள் திறந்தன.

எங்கள் பக்கத்து மாதா திருவிழாவில் தேர் நெருங்கும்போது ஜனங்கள் உப்பையும் மிளகையும் அள்ளித் தேரின் மேல் தூவுவார்கள். நேர்த்திக்கடன், மரியாதை, திருஷ்டி எல்லாம் அதில் அடக்கம். ஊரில் ஒரு கைப்பிடி உப்போடு முடிகிற விஷயம்தான். ஆனால் இவர்கள் உப்பளத்துக்காரர்கள். உப்புக்கு இவர்கள் கைப்பிடிக் கணக்குப் பார்ப்பதில்லை.

“மரியே வாழ்க” என்று பிலோமினா சித்தி குரல் கொடுத்தாள். உப்பு பறந்தது.

வாழ்நாளெல்லாம் உப்பை வாரிப் பழகிய கைகள். ஒரு வீச்சில் வண்டியின் இந்தப் பக்கம் வெள்ளையடித்தது போலானது, அடுத்த வீச்சு வண்டியைத் தாண்டிப் போலீஸ் தடுப்பில் பட்டுத் தெறித்தது. அரிசி மணியை விடப் பெரிய கல்லுப்பு. தகரத்தில் பட்ட சத்தம் ஆலங்கட்டி மழை போல இருந்தது. கூடவே மிளகு வேறு. வாசனை நன்றாக வரட்டும் என்று அதை ஒன்றிரண்டாக இடித்து எடுத்து வந்திருந்தார்கள். பறை நின்றது. “அடிக்கறாங்க, அடிக்கறாங்க” என்று யாரோ கத்தினார்கள். வண்ணத் துணியைப் பிடித்திருந்தவர்கள் அதன் அடியிலேயே பதுங்கினார்கள். பட்டாம்பூச்சி இளைஞன் உப்பில் வழுக்கி உட்கார்ந்தான், ஓர் இறக்கை தனியாக வந்துவிட்டது. நல்ல சத்தமாகத் தும்மல்கள் எழுந்தன.

மைக் வைத்திருந்த பெண் தைரியசாலி. “எதிர்ப்பு தெரிவிக்க வந்திருக்கும் நண்பர்களே, உங்களோடு பேச நாங்கள் தயார்” என்றாள். அவள் கண் நேராக என்மேல் இருந்தது. தலைமூடிய பெண்கள் கூட்டம், முன்னால் வெள்ளை உடையில் ஒருத்தி, கையில் சுருட்டிய காகிதம். என்னைப் பார்த்தால் எனக்கே கூட்டத்தின் தலைவி என்றுதான் தோன்றியிருக்கும்.

விளக்கம் சொல்ல ஓடினேன். மைக்கை வாங்கினேன். பயத்தில் எனக்குத் தமிழ் மறந்தது. ஆங்கிலத்தில், இது எங்கள் வழக்கம், இந்தப் பெண்கள் வழக்கமாக மாதாவுக்குச் செய்வதைத்தான் இந்த வண்டிக்கும் செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்ததும் மிளகு மூக்கில் ஏறியது. தும்மினேன். ஸ்பீக்கர் வழியாக அந்தத் தும்மல் பாண்டி முழுக்கக் கேட்டது. மறுபடி திறந்தேன். மறுபடி தும்மல். ஒரு வாரம் கண்ணாடி முன் பயிற்சி செய்த குரலில் நான் அன்று உலகத்துக்குச் சொன்னது அவ்வளவுதான்.

அதற்குள் ஒரு போலீஸ்காரம்மா என் முழங்கையைப் பிடித்துவிட்டார். “எந்த அமைப்பும்மா நீங்க?”

“மரக்காணம்” என்றேன்.

அவர் அம்மாவிடம் திரும்பினார். “ஏம்மா, பெரியவங்களா இருந்துகினு இப்படிக் கல்லு வீசலாமா?”

“கல்லு இல்லீங்க, உப்பு.”

“யாரு மேல வீசினீங்க?”

“வீசலீங்க. தூவினோம். எம் பொண்ணுக்கு.”

போலீஸ்காரம்மா என்னைப் பார்த்தார். “இந்தப் பொண்ணுக்கா?”

“இது சின்னது. தோ மேல நிக்கறா பாருங்க, பட்டுப் பொடவையில. அவ எம் பெரிய பொண்ணு, ஸ்டெல்லா.”

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. தும்மின தும்மலில் அணைக்க மறந்துவிட்டேன். எம் பெரிய பொண்ணு ஸ்டெல்லா என்பது ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்டது. எதிர்ச் சுவரில் பட்டு மறுபடியும் ஒரு தடவை வந்தது. தும்மல்கள்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டன.

வண்டி மேலிருந்து அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “யம்மா, கண்ணுல மிளகு பட்டுடுச்சி.”

“துடைக்காத, இன்னும் எரியும். எறங்கி வா, தண்ணி ஊத்தறேன்” என்றாள் அம்மா.

டீக்கடைக்காரர் கொடுத்த சொம்புத் தண்ணீரில், நடு ரோட்டில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அக்காவின் முகத்தைக் கழுவிவிட்டாள். தலைப்பால் துடைத்துவிட்டாள். கழுவக் கழுவ அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மிளகு அவ்வளவு காரம் என்று அக்கா இன்றுவரை சாதிக்கிறாள்.

போலீஸ்காரம்மா சிரித்துவிட்டார். அவரும் ஒரு தும்மல் போட்டுவிட்டு, “சரி சரி, ஊர்வலம் நகரட்டும்” என்றார்.

அம்மா கூட்டாளிகளைப் பார்த்தாள். “நின்னுனே இருந்தா? வாங்கடி.” அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள்.

நான் ஒரு வாரமாகப் பேச்சு எழுதிச் சாதிக்க நினைத்தது என் உதவியில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அது நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். உப்பளத்தில் பாத்திகளுக்கு நடுவே வரப்பு ஒற்றையடி அகலம்தான். தலையில் சுமையோடு ஒருவர் பின் ஒருவராக, வேகமாகப் போனால்தான் பின்னால் வருகிறவர்களுக்கு வழி. அந்தக் கால்களுக்கு அகல ரோடு பழக்கமில்லை. அம்மா முன்னால், அவள் கையில் அக்கா, பின்னால் பிலோமினா சித்தி, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒற்றை வரிசையில், விடியற்காலை வேலைக்குப் போகும் வேகத்தில் புறப்பட்டார்கள். குட்டியானையைத் தாண்டினார்கள். ஷீலா, அமுதாவைத் தாண்டினார்கள். பறையடிக்கிறவர்களைத் தாண்டி, வண்ணத் துணியையும் தாண்டி ஊர்வலத்துக்கு முன்னால் போய்விட்டார்கள். “அம்மா, கொஞ்சம் மெதுவா, நாங்கதான் முன்னாடி போகணும்” என்று மைக் பெண் பின்னாலேயே ஓடினாள்.

நானும் ஓடப்போனேன். போலீஸ்காரம்மா விடவில்லை.

“நீ எங்க போற? ரோடெல்லாம் உப்பு. பைக் வந்தா வழுக்கும். இத வாரிட்டுப் போ.”

“மேடம், நான் முடிவுல பேசணும். பி.காம். படிச்சிருக்கேன்.”

“நல்லதாப் போச்சி. சுத்தமா பெருக்குவ.”

டீக்கடைக்காரர் தென்னந்துடைப்பம் எடுத்துக் கொடுத்தார். “இந்த வருசம் ஊர்வலத்துல துப்புரவும் உண்டா?” என்று வேறு கேட்டார்.

ஆக, அந்தச் சரித்திரப் புகழ் பெற்ற ஊர்வலத்தில் என் பங்கு இதுதான்: வெள்ளைச் சுடிதாரில் குனிந்து, தும்மிக்கொண்டே ரோடு பெருக்கினேன். உப்பை அள்ளிப் போட எதுவும் கிடைக்காததால் என் பேச்சுக் காகிதத்தையே முறமாக வைத்துக்கொண்டேன். அதற்குச் சரியான அகலம். நான் கூட்டி முடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஊர்வலம் கலைந்திருந்தது. குடும்பத்தினர் சார்பில் பிலோமினா சித்தி பேசியிருந்தாள். வெயில் அதிகம், அடுத்த தடவை மோர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அவள் பேச்சின் சாரம். கைதட்டல் அடங்க நேரமானது என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவும் அக்காவும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். மாமா காலி வண்டியோடு பின்னால் வந்தார். கண்டக்டர் வந்ததும் அம்மா, “ரெண்டு மரக்காணம். எனக்கும் எம் பொண்ணுக்கும்” என்றாள். நான் பின் சீட்டிலிருந்து கையை நீட்டினேன். “நீ சம்பாதிக்கறவதானடி, தனியா எடு” என்றாள்.

மறுநாள் கெஸ்ட் ஹவுஸ் பெரியவர் காபி கோப்பையோடு வந்து விசாரித்தார். நடந்ததை உள்ளபடி சொன்னேன். உப்புப் பறந்த இடத்தில் சிரித்துச் சிரித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு நான் கேட்டேன், “உங்கள் அம்மா உங்களோடு ஊர்வலத்துக்கு வந்ததுண்டா?” அவர் கோப்பையை மறுபடி கையில் எடுத்தார். “கல்யாணத்துக்கு வந்தாள். நல்ல தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். வீதியில் என்னோடு நடந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை” என்றார். அன்றைக்கு அவரிடம் நான் எந்தக் கருத்தையும் கடன் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஊர்வலம் வந்தாலே அம்மாவுக்கு அழைப்பு வந்துவிடுகிறது. உப்பு மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். அம்மா பெரிய மனது வைத்துப் பொரியும் பூவும் எடுத்துப் போகிறாள். மோரும் உண்டு. சென்ற தடவை ஒரு கையில் ஷீலா, மறு கையில் அமுதா. அவர்கள் இருவர் வீட்டிலிருந்தும் இதுவரை யாரும் வந்ததில்லை. “அவங்க வர்ற வரைக்கும் நான் நடக்கறேன்” என்றாள் அம்மா. (எனக்கும் நிரந்தரமான வேலை ஒன்று உண்டு. வரிசையின் கடைசி ஆள் நான். கையில் துடைப்பம்.)

அம்மா இத்தனை வருஷம் பயந்த அந்த நாளும் ஒருவழியாக வந்தது. வானூர் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குச் சம்பள வேலை. அவன் அம்மாவுக்குக் கூர்மையான கண். சுவரை, கூரையை, என்னை என்று வரிசையாகப் பார்த்து வந்தவர், காபி கொண்டுவந்து கொடுத்த அக்காவிடம் நின்றார்.

“இது யாருங்க?” என்று கேட்டார்.

அக்கா தானாகவே சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்திப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“எம் பெரிய பொண்ணு. திருநங்கை. தோ, அவருதான் அவ வூட்டுக்காரரு. பாண்டில வருசா வருசம் ஊர்வலம் போவோம், குடும்பத்தோட” என்று ஆரம்பித்து, உப்பு, மிளகு, இறக்கை, தும்மல் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நான் ரோடு பெருக்கியதை எழுந்து நின்று நடித்தே காட்டினாள். பையன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் அம்மா காபியை வைத்துவிட்டு எழுந்தார்.

“யோசிச்சி சொல்றோங்க.”

“நல்லா யோசிங்க. ஒண்ணும் அவசரமில்ல” என்றாள் அம்மா. “சரின்னா மட்டும் ஊர்வலத்துக்கு முன்னாடி சொல்லிடுங்க. மோர் அண்டா தூக்க ஆள் பத்தல.”

அவர்கள் போனதும் மிச்சமிருந்த பஜ்ஜியை நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். எல்லோருக்கும் நல்ல பசி. அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் அவசரமில்லை. ஆனால் தெரியாத நம்பரிலிருந்து வீட்டுக்கு எப்போது போன் வந்தாலும், பேங்க் லோன் விற்கிறவர்களாகவே இருந்தாலும், மாமா என்னைப் பார்த்துக் குரல் கொடுப்பார்:

“மேரி, எடு எடு. யோசிச்சி முடிச்சிட்டாங்க போல.”